மெதுவாகக் கற்பவருக்குக் குறைந்த ஆண்டுகளா?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரியில் பள்ளிகள் திறந்த முதல் நாள். சாதாரண நிலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுகளுக்காகக் காத்திருந்த நான் அன்று தாமதமாகத்தான் எழுந்தேன். என் அண்ணன் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, சீருடை அணிந்து, பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தார். வழக்கமாகப் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா கீழே போய் அழைத்தபோது, "பஸ் லேட்டும்மா" என்றார்.

பேருந்து தாமதமாகவில்லை. முந்திய நவம்பரிலேயே அவருடைய பள்ளி வாழ்க்கை முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. பிரியாவிடை நிகழ்ச்சி நடந்தது. கேக் வெட்டினார்கள். மேடையேறிச் சான்றிதழ் வாங்கினார். ஆசிரியர் ஒருவர் கண்கலங்கினார். "இனிமே ஸ்கூல் கிடையாது" என்று விடுமுறை முழுவதும் நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஆனால், ஜனவரி வந்தால் பள்ளி திறக்கும் என்பது அவர் ஆண்டுதோறும் கண்ட உண்மை. எங்கள் சொல்லைவிட அதைத்தான் அவர் நம்பினார்.

மூன்று வாரம் தினமும் கீழே போனார். நான்காவது வாரம் சீருடையைத் தாமே மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அதே மாதம் என் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. சாப்பாட்டு மேசை முழுவதும் தொடக்கக் கல்லூரிகள், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் கையேடுகள். எந்தப் பாடத்தொகுப்பு, எந்த வளாகம், வீட்டிலிருந்து எத்தனை எம்ஆர்டி நிலையங்கள் என்று அப்பாவும் நானும் இரவு வெகுநேரம் பேசினோம். அண்ணன் எதிரே உட்கார்ந்து கையேடுகளில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, "பாப்பா, இது என் ஸ்கூல்" என்றார். 

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு அன்று தெரியவில்லை.

பதினெட்டுக்குப் பிறகு நாற்பது

என் அண்ணனுக்கு டௌன் சிண்ட்ரோம். நம் உயிரணுக்களில் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் 21வது இணையில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதே இதற்குக் காரணம் என்பதை 1959ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 21வதில் மூன்று என்பதால்தான் ஆண்டின் மூன்றாவது மாதத்தில் 21ஆம் தேதி உலக டௌன் சிண்ட்ரோம் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 

இது தொற்றும் நோயன்று. பெற்றோர் செய்த பாவமும் அன்று. இரண்டாவது வாக்கியத்தை இந்தக் காலத்தில் எழுதத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம், "யாரு செஞ்ச பாவமோ" என்று ஒருவர் ஆறுதல் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

டௌன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். ஒரு காலத்தில் அதற்குச் சரியான சிகிச்சை கிடைக்காமலேயே பலர் இளம் வயதில் இறந்தனர். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் அவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இன்று அது 60 ஆண்டுகளை எட்டியுள்ளது. அறுவை சிகிச்சை முன்னேறியது. பிள்ளைகளை விடுதிகளில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் குறைந்தது. வீட்டில் வளர்ந்தவர்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள்.

ஆக, 18 வயதில் பள்ளியைவிட்டு வெளியேறும் ஒருவருக்கு முன்னால் இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. நம் ஏற்பாடுகளோ முதல் பதினெட்டு ஆண்டுகளுக்கே நன்றாகச் செய்யப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் மிதமான, கடுமையான சிறப்புத் தேவைகள் உள்ள பிள்ளைகளுக்கும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், செயல்பாட்டுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் அங்கேதான் தம் பெயரை எழுதவும், தனியாகப் பேருந்தில் போகவும், கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கவும் கற்றார். அந்த ஆசிரியர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. 

ஆனால், பெரும்பாலான மாணவர்களுக்கு அந்தப் பள்ளி வாழ்க்கை 18 வயதில் முடிகிறது. தொழிற்கல்விச் சான்றிதழ் பயிலத் தகுதிபெறும் சிலர் மட்டும் 21 வயதுவரை தொடரலாம்.

இதை என் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுகள், உயர்நிலைப்பள்ளி நான்கு, தொடக்கக் கல்லூரி இரண்டு, பல்கலைக்கழகம் நான்கு. விரும்பினால் முதுகலைப் படிப்பும் உண்டு. ஒரு பாடத்தை ஒரே வாரத்தில் புரிந்துகொள்ளக்கூடிய எனக்குக் குறைந்தது பதினாறு ஆண்டுகள். காலணியின் கயிற்றைக் கட்டக் கற்பதற்கே ஓராண்டு தேவைப்பட்ட என் அண்ணனுக்கு அதைவிடக் குறைவு. கற்பதற்கு அதிகக் காலம் தேவைப்படுபவருக்கு ஏன் கல்வி முதலில் முடிகிறது? இந்தக் கேள்வியைத்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டு கதவுகளுக்கு இடையில்

பள்ளி முடிந்தபின் என்ன வழிகள் உள்ளன? வெளிச்சந்தையில் வேலை பார்க்கலாம். அது இயலாதவர்களுக்குப் பயிற்சிப் பணிமனைகள் உள்ளன. கூடுதல் கவனிப்புத் தேவைப்படுபவர்களுக்குப் பகல்நேர நடவடிக்கை நிலையங்கள் உள்ளன. தாளில் பார்க்கும்போது எல்லாருக்கும் ஓரிடம் இருப்பதாகத் தோன்றும்.

அண்ணனுக்கு முதலில் வேலை கிடைத்தது. உணவகம் ஒன்றில் தட்டுகளை எடுத்து அடுக்கி, மேசைகளைத் துடைக்கும் வேலை. வேலைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் முதல் சில மாதங்கள் உடனிருந்து உதவினார். மேற்பார்வையாளர் பொறுமையானவர். ஒவ்வொரு வேலையையும் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். முதல் சம்பளத்தில் அண்ணன் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். இப்போதும் அது என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

ஏழாவது மாதம் அந்த மேற்பார்வையாளர் வேறு கிளைக்கு மாறிப் போனார். பயிற்றுவிப்பாளரின் உதவிக் காலமும் முடிந்திருந்தது. புதியவர் கெட்டவரல்லர், மதிய நேரக் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறை சொல்ல அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். சுவரில் இருந்த படங்கள் கழற்றப்பட்டன. இரண்டு வாரத்தில் அண்ணனின் வேலையும் போனது. ஒரே ஒருவரின் நல்ல மனத்தை நம்பி நிற்கும் வேலை, அந்த ஒருவர் போனதும் போய்விடும் என்பதை அன்று கற்றோம்.

பிறகு நிலையங்களுக்கு அலைந்தோம். ஓரிடத்தில், "இங்கே வருவோருடன் ஒப்பிட்டால் உங்கள் மகனுக்குத் திறமை அதிகம். அவருக்கு இது பொருந்தாது" என்றார்கள். வேலை தேடிச் சென்ற இன்னோரிடத்தில், "திறமை போதாது" என்றார்கள். இரண்டு பதில்களும் ஒரே மாதத்தில் வந்தன. மூன்றாவது இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

இப்படி இரண்டு கதவுகளுக்கு நடுவில் அண்ணன் ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் இருந்தார். 

மறந்துபோன பத்து வெள்ளி

அந்த ஓராண்டில் நான் தொடக்கக் கல்லூரியில் மும்முரமாக இருந்தேன். காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு திரும்புவேன். அண்ணன் கைப்பேசியில் பழைய தமிழ்ப் பாடல்கள் பார்ப்பார், தூங்குவார், மறுபடியும் பார்ப்பார். தொந்தரவு இல்லாமல் இருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை அவரை உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். வழக்கம்போல் பணம் கொடுக்கச் சொன்னேன். பள்ளியில் படித்தபோது பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கத் தெரிந்தவர், அன்று தம் பணப்பையை அப்படியே கடைக்காரரிடம் நீட்டினார். எதை எடுத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைக்கார அக்கா நல்லவர். நான்கு வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து மற்றவற்றையும் கவனித்தேன். தனியாகப் பேருந்தில் போன பாதையை மறந்திருந்தார். தம் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் தடுமாறின. புதியவர்களிடம் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அம்மாவின் பின்னால் போய் நின்றார். பள்ளி பல ஆண்டுகள் பாடுபட்டுக் கொடுத்ததை வீட்டின் அமைதி ஓராண்டில் எடுத்துக்கொண்டிருந்தது. அது என் கண்முன்னாலேயே நடந்தும் நான் பார்க்கவில்லை.

பேசாத மொழி மறந்துபோகும் என்று நம் தமிழாசிரியர்கள் நமக்குச் சொல்வார்களே, அது எல்லாத் திறன்களுக்கும் பொருந்தும். நமக்கு அது தேர்வு மதிப்பெண்ணில் தெரியும். என் அண்ணனுக்கு அது தனியாகக் கடைக்குப் போக முடியுமா முடியாதா என்பதில் தெரியும்.

வேலை மட்டும்தான் அளவுகோலா?

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. எஸ்ஜி எனேபல் அமைப்பு 2013ல் தொடங்கப்பட்டது. லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் 2015ல் திறக்கப்பட்டது. உடற்குறையுள்ளோரை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஈடுசெய்கிறது. 2022ல் வெளியிடப்பட்ட எனேபலிங் பெருந்திட்டம் 2030, வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினரை 2030க்குள் வேலையில் அமர்த்தும் இலக்கை வைத்துள்ளது. 

அந்த இலக்கை நான் வரவேற்கிறேன். ஆனால், இலக்கு முழுமையாக நிறைவேறினாலும் நூற்றில் அறுபது பேர் வேலைக்கு வெளியே இருப்பார்கள். அவர்களின் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும்? வேலையில் சேர்ந்தவர்களுக்கும் அந்த வேலை என் அண்ணனுடையதைப் போல் ஏழு மாதத்தில் போகலாம். போனபின் திரும்பிச் சென்று கற்க ஓரிடம் இருந்தால், அடுத்த வேலைக்கு அவர்கள் தயாராக இருப்பார்கள். இல்லாவிட்டால் இருந்த திறனும் தேயும். கற்பதைத் தொடர்வதுதான் வேலையையும் காப்பாற்றும்.

வாழ்நாள் கற்றல் நமக்குப் புதிய சிந்தனையும் அன்று. 25 வயதைக் கடந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைக்கிறது. என் அப்பா ஐம்பது வயதுக்குப் பிறகு கணினி வகுப்புக்குப் போனார். நடுத்தர வயதில் கற்பதை ஊக்குவிக்கும் நாட்டில், 18 வயதில் ஒருவரின் கற்றல் முடிந்துவிட்டதாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? 

வெளிநாடுகளில் சிலர் வேறு விதமாக முயன்றிருக்கிறார்கள். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் அறிவுசார் குறைபாடுள்ள இளையர்களுக்கென்று ஈராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உள்ளது. மற்ற மாணவர்கள் நடமாடும் அதே வளாகத்தில்தான் அவர்களும் பயில்கிறார்கள். அமெரிக்காவில் 2008ல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், இத்தகைய மாணவர்கள் கல்லூரித் திட்டங்களில் சேர அரசு நிதியுதவி பெற வழிசெய்தது. ஸ்பெயினின் பாப்லோ பினேடா, டௌன் சிண்ட்ரோமுடன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று உலகப் புகழ் அடைந்தார். 

என் அண்ணன் பாப்லோ பினேடா அல்லர். அவர் பட்டம் வாங்கப் போவதில்லை. ஓவியக் கண்காட்சி வைக்கப் போவதும் இல்லை. சாதனை படைப்பவர்களைப் பற்றிப் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும், சாதிக்காதவர்களுக்கும் செவ்வாய்க்கிழமை போய் வர ஓரிடம் வேண்டும். சாதாரண மாணவராகிய எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தபோது, உலகப் புகழ் பெறுவேன் என்று யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடங்களை அன்று. சமூக மன்றங்களில் சமையல், நடனம், கணினி வகுப்புகள் ஏற்கெனவே நடக்கின்றன. அவற்றில் மெதுவாகக் கற்பவர்களுக்கும் சில இடங்களை ஒதுக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வாரத்தில் ஒரு பிற்பகல் தங்கள் பயிற்சிக்கூடங்களைத் திறந்துவிடலாம். வேலை இழந்தவர் இரண்டு மாதத்துக்காவது பழைய பள்ளிக்குத் திரும்பி வந்து பயிற்சி பெற வழிசெய்யலாம். இவற்றுக்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், பல ஆண்டுகள் செலவிட்டு வளர்த்த திறனைச் சில மாதங்களில் இழப்பதும் செலவுதானே?

"பாய், என்ன வேணும்?"

சென்ற ஆண்டு அண்ணனுக்கு 21 வயது நிறைந்தது. சட்டப்படி அன்றுமுதல் அவர் பெரியவர். அவருக்காகப் பெற்றோர் தாமாகவே முடிவெடுக்கும் உரிமையும் அத்துடன் முடிகிறது. தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் மூலம்தான் அந்தப் பொறுப்பைப் பெறவேண்டும். அதற்கான தாள்களை நிரப்பியபோது ஒன்று தெரிந்துகொண்டேன். ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று உறுதிப்படும்வரை, இயலும் என்றே கருதவேண்டும் என்கிறது சிங்கப்பூரின் சட்டம்.

தெருவில் அப்படியில்லை. கடைகளில் அண்ணனைப் பார்த்து இன்னமும் "பாய்" என்கிறார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். உறவினர்கள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மீசை வைத்திருப்பவர். சட்டம் கொடுத்த மரியாதையை நாம் கொடுக்க மறுத்தால், முடிவெடுக்க அவர் எப்படிக் கற்பார்?

அந்தத் தாள்களை நிரப்பிய இரவில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு அப்புறம் நீ இருக்கம்மா." எனக்கு அண்ணனைப் பிடிக்கும். அவரைப் பார்த்துக்கொள்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தங்கை மட்டுமே ஒரு மனிதரின் முழு உலகமாக இருக்க முடியாது. அது அவருக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை.

நம் வயதினர்

இப்போது அண்ணன் வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு வகுப்புக்குப் போகிறார். தொண்டூழியர்கள் நடத்தும் சிறு வகுப்பு, எட்டுப் பேர்தான். சமைக்கிறார்கள், பணம் எண்ணுகிறார்கள், எம்ஆர்டியில் ஏறி எங்காவது போய் வருகிறார்கள். ஆறு மாதத்தில் அவருடைய பத்து வெள்ளி திரும்பி வந்துவிட்டது. பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் வந்துவிட்டன. இந்த முறை புதிதாக ஒன்றும் கற்றிருக்கிறார். கோபி ஓ கொசோங் எனக்கு, தே சி தமக்கு என்று அவரே சொல்லி வாங்குகிறார். 22 வயதிலும் அவர் கற்கிறார்.

அந்த வகுப்பின் தொண்டூழியர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். என் வயதினர் இருவர்தான். எங்கள் தமிழ் மன்றங்களில் நாடகம் போடுகிறோம், துணைப்பாட வகுப்பு நடத்துகிறோம், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு மேடை அமைக்கிறோம். என் மன்றத்தில் இதுவரை என் அண்ணனைப் போன்ற ஒருவர் நாற்காலி அடுக்கக்கூட அழைக்கப்பட்டதில்லை. அழைக்க எனக்கே தோன்றவில்லை. அவருக்குத் தமிழ் புரியும். பாட்டியிடம் கற்ற தமிழ். பாடல் தொடங்கினால் முதல் ஆளாகக் கைதட்டுவார்.

அடுத்த மாத ஒத்திகைக்கு அவரை அழைத்துச் செல்கிறேன் என்று செயற்குழுவிடம் சொல்லிவிட்டேன். மேடைப் பொருள்களை எண்ணி எடுத்துவைக்கும் பொறுப்பு அவருடையது. பரிதாபத்துக்காகக் கொடுத்த வேலையன்று. சென்ற ஆண்டு இரண்டு விளக்குகளைத் தொலைத்தது என்னவோ பல்கலைக்கழக மாணவர்களாகிய நாங்கள்தான்.

உங்கள் மன்றத்திலும், உங்கள் கோயில் தொண்டூழியர் குழுவிலும், உங்கள் சனிக்கிழமைப் பந்தாட்டத்திலும் இப்படி ஒரு வேலை இருக்கும். உங்கள் புளோக்கிலும் பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவர் இருக்கலாம். கதவைத் தட்டிக் கேளுங்கள். கேட்கும்போது பெற்றோரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம்.

என் அண்ணனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எத்தனை மணிக்கு பாப்பா?" என்றார். சொன்னேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, பழைய பள்ளிப் பையை வெளியே எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தார்.